டிக்கெட் பரிசோதகரின் கப்பல்

பழுப்புக் காகிதத்தைக் கிழித்ததும் உள்ளேயிருந்து செத்துப்போனவர் எட்டிப் பார்த்தார்.

ஃபிரேம் கடைக்காரி காகிதத்தைச் சட்டென்று மூடினாள். கண்ணையும் மூடிக்கொண்டாள். பிறகு இரண்டையும் மெதுவாகத் திறந்தாள். செத்துப்போனவர் அங்கேயேதான் இருந்தார். அதே சாந்தமான முகம், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, கழுத்துப் பொத்தான்வரை போட்ட சட்டை.

அந்த உறைக்குள் இருந்திருக்க வேண்டியவர் இவர் அல்ல. இருநூறு வருஷத்துக்கு மேல் பழைய கப்பற்படை அதிகாரி ஒருவர்.

"அப்ப கப்பல்காரர் எங்கே?" என்று ஆளில்லாத கடையைப் பார்த்துக் கேட்டாள்.

கேட்டு முடிப்பதற்குள் பதில் அவளுக்கே தெரிந்துவிட்டது. கப்பல்காரர் துக்க வீட்டுக்குப் போய்விட்டார்.

தப்பு எங்கே நடந்தது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. அவளுக்கு ஒரு பழக்கம். வேலை முடிந்த படங்களை எல்லாம் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிடுவாள். நாள் முழுக்க யார் யாரோ கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தால் அவளுக்குக் கை ஓடாது. கல்யாண ஜோடிகள், பட்டம் வாங்கிய பிள்ளைகள், காலமான பெரியவர்கள் எல்லோரும் அந்தக் கடையில் வாத்தியாரிடம் தண்டனை வாங்கியவர்கள் மாதிரி முகத்தைச் சுவரோடு வைத்துக்கொண்டு நிற்பார்கள். பின்னாலிருந்து பார்த்தால் எல்லா மனிதரும் ஒன்றுதான். அட்டை, ஆணி, கயிறு.

போதாததற்கு இரண்டு படமும் ஒரே அளவு. சட்டமும் ஒன்றே. டிக்கெட் பரிசோதகரின் மனைவி, காலமான கணவரின் பெரிதாக்கிய போட்டோவை எடுத்துக்கொண்டு வந்தபோது, மேஜைமேல் கிடந்த கறுப்புச் சட்டத்தைத் தொட்டுப் பார்த்து, "இதே மாதிரி போட்டுடும்மா, மரியாதையா இருக்கு" என்று சொல்லியிருந்தாள். இன்று காலை பரிசோதகரின் தம்பி வந்து அவசரப்படுத்தியபோது, சுவரோரம் நின்ற இரண்டு முதுகில் ஒரு முதுகை எடுத்து, இவளே சுற்றி, இவளே கையில் கொடுத்தாள். மிச்சமிருந்த முதுகையும் அப்படியே சுற்றி வைத்தாள்.

கப்பல்காரர் படத்துக்குச் சொந்தக்காரரான பேராசிரியர் நாளைக் காலையில் வருவார். ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர். அந்தப் படத்தை ஏதோ பழைய புத்தகக் கடையில் கண்டெடுத்தவர். செப்புத் தகட்டில் கோடு கோடாகச் செதுக்கி, மை தடவி, காகிதத்தில் அழுத்தி எடுத்த படம் அது. திங்கட்கிழமை நூலகத்தில் தொடங்கும் கண்காட்சியில் நடுச்சுவர் அதற்குத்தான். "ஏம்மா, இது வெறும் படமில்ல, என் உயிர். அதை மட்டும் ஞாபகம் வச்சுக்க" என்று சொல்லித்தான் ஒப்படைத்தார்.

அவர் உயிர் எப்படியோ, அவள் பிழைப்பு அவர் வாயில் இருந்தது. பல வருஷம் இன்னொருவர் கடையில் சட்டம் அறுத்துவிட்டு, இப்போதுதான் சொந்தமாகப் பலகை மாட்டியிருக்கிறாள். நூலகத்துப் படங்கள் எல்லாம் அவளிடம் வருவது பேராசிரியர் சொன்ன ஒரு வார்த்தையால். அவர் இன்னொரு வார்த்தை சொன்னால் பலகையைக் கழற்றி அதற்கும் ஒரு சட்டம் போட்டு வீட்டில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

பரிசோதகரை மறுபடி காகிதத்தில் சுற்றி, அக்குளில் இடுக்கிக்கொண்டு கிளம்பினாள். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்தாள். அம்மா, மன்னிச்சிடுங்க, படம் மாறிப்போச்சு. மொத்தம் நாலு வார்த்தை. பச்சைக் குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் அவளுக்குப் பிறந்ததிலிருந்தே ஒரு கோளாறு. அழுகிறவர்கள் முகத்துக்கு நேரே அவளால் எதையும் சொல்ல முடியாது. நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொள்ளும்.

துக்க வீட்டுக் கதவு திறந்திருந்தது. கூடத்தில் நாற்காலிகள். நேர் எதிர்ச் சுவரில், கண்ணாடிக் குவளையில் வைத்த வெள்ளைப் பூக்களுக்கு மேலே, கேப்டன் தொங்கிக்கொண்டிருந்தார். காதுக்கு மேல் சுருட்டிவிட்ட வெள்ளைப் பொய்முடி. அகலமான மடிப்புக் கோட்டு, வரிசையாகப் பித்தளைப் பொத்தான்கள். ஒரு கையில் நீளத் தொலைநோக்கி. பின்னால் பாய்மரக் கப்பல் ஒன்று கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்தது.

"வாம்மா, வா!" பரிசோதகரின் மனைவி எழுந்து வந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது. "என்ன கைம்மா உன் கை! இந்த மாதிரி அவரை நான் பார்த்ததே இல்ல."

"அது... அதைத்தாம்மா சொல்லணும்னு..."

"நீ ஒண்ணும் சொல்லாதே. நல்லா வேலை தெரிஞ்சவங்க இப்படித்தான், புகழ்ந்தா நெளிவாங்க."

நாக்கு ஒட்டிக்கொண்டது. பரிசோதகரின் மனைவி அவளை ஒரு நாற்காலியில் உட்கார வைத்தாள். மருமகள் அவள் கையில் தேநீரைக் கொடுத்துவிட்டுப் போனாள். ஃபிரேம்காரி பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். இன்னும் ஒரு நிமிஷத்தில் யாராவது கேட்டுவிடுவார்கள். இது யாரு, எங்க ஆள் எங்கே என்று கத்துவார்கள். கத்தட்டும். கத்தினால் பேசலாம்.

பரிசோதகரின் தங்கை படத்துக்குப் பக்கத்தில் போய்த் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். அவள்தான் நம்பிக்கை என்று இவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணனுக்கு முடிதான் கொஞ்சம்..." என்று தங்கை இழுத்தாள்.

"படுக்கையில கிடந்தப்ப யாரு வெட்டிவிட்டது?" என்றார் தம்பி.

"வெளுத்தும் போச்சே."

"எல்லாம் கவலை."

"கையில என்ன அது?"

"டிக்கெட்ல ஓட்டை போடற மெஷினா இருக்கும்."

"இவ்வளவு நீளமாவா?"

"பழைய காலத்து மெஷின். இப்பல்லாம் சின்னதா வந்துடுச்சு."

தங்கை இன்னும் குனிந்தாள். "பின்னாடி கப்பல் எரியுதே?"

ஃபிரேம்காரி வாயைத் திறந்தேவிட்டாள்.

"அது போட்டோக்காரன் பின்னாடி கட்டற திரை" என்றார் தம்பி. "ஒருத்தன் அருவி கட்டுவான், ஒருத்தன் மலை கட்டுவான். இவன்கிட்ட கப்பல்தான் இருந்திருக்கு."

"அதானே பாத்தேன்" என்று தங்கை நிம்மதியாகத் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

துக்கம் கண்ணை மறைக்கும் என்று ஃபிரேம்காரி கேள்விப்பட்டிருக்கிறாள். ஒரு கப்பல் எரிவதைக்கூடவா மறைக்கும்? நேராகச் சொல்ல முடியாது, சுற்றித்தான் வர வேண்டும் என்று தீர்மானித்தாள்.

"அம்மா, பின்பக்கம் ஒரு ஆணி சரியா உட்காரல. கடைக்கு எடுத்துட்டுப் போய்ச் சரிபண்ணி, சாயந்திரம் நானே கொண்டுவந்து..."

"ஐயோ, விழுந்துடுமா?" பரிசோதகரின் மனைவி நெஞ்சில் கை வைத்தாள்.

"எது விழும்? நான் இருக்கறப்ப எது விழும்?" தம்பி எழுந்தார். ஊரெல்லாம் அலமாரி பொருத்துவதுதான் அவர் தொழில் என்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஆணி என்ற சொல்லையே எடுத்திருக்க மாட்டாள். உள்ளே போனவர் துளை போடும் எந்திரத்தோடு வந்தார். வீடே அதிர்ந்தது. சட்டத்தின் நாலு மூலையிலும் விரல் நீளத் திருகாணியை ஏற்றிச் சுவருக்குள் இறக்கினார். ஒவ்வொன்றும் அவள் நெஞ்சுக்குள்தான் இறங்கியது.

"இனிமே பூகம்பம் வந்தா வீடுதான் விழும்" என்று தூசியைத் தட்டிவிட்டார். "அண்ணன் விழ மாட்டார்."

கடைக்குத் திரும்பி வந்து பூட்டைத் திறப்பதற்குள் போன் அடித்தது. பேராசிரியர்.

"எப்படி இருக்கார் நம்ம கேப்டன்?"

"நல்லா இருக்கார் சார். எல்லாரும் மரியாதையா..." என்று தொடங்கி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அதாவது, பசை காயுது சார்."

"பசையா?" மறுமுனையில் குரல் கீச்சிட்டது. "எதுக்குப் பசை? அந்தக் காகிதத்துக்கிட்ட பசையைக் கொண்டு போகலாமா? படத்துல பட்டுடுச்சா?"

"படத்துல இல்ல சார், சட்டத்துல."

"சட்டத்துல இருந்து படத்துக்கு எவ்வளவு தூரம்? நான் இப்பவே வர்றேன்."

"இப்ப வேணாம் சார்! கதவைத் திறந்தா காத்து பட்டு..." அவளுக்கே தான் என்ன சொல்கிறோம் என்று தெரியவில்லை. "காத்து பட்டா பசைக்குக் கோபம் வரும்."

பேராசிரியர், "காலையில முதல் வேலையா வர்றேன். பூதக்கண்ணாடியோட வர்றேன்" என்று வைத்துவிட்டார்.

மாலையில் கைப்பையில் திருகாணி கழற்றும் திருப்புளியைப் போட்டுக்கொண்டு மறுபடி துக்க வீட்டுக்குப் போனாள். இந்தத் தடவை பொய்யை வழியிலேயே வடித்துக் கட்டிவிட்டாள். வெளிச்சம் பட்டுப் பளபளக்காத உயர்ந்த ரகக் கண்ணாடி ஒன்று வந்திருக்கிறது, அதைச் சும்மாவே மாட்டித் தருகிறேன், ஒரு ராத்திரி மட்டும் படத்தைக் கொடுங்கள்.

"சும்மாவேவா?" பரிசோதகரின் தங்கை நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்படின்னா அண்ணன் படத்துல எனக்கும் ஒரு காப்பி போட்டுடேன். எங்க வீட்டுக் கூடம் மொட்டையா இருக்கு."

"எனக்கு ஒண்ணு" என்றார் தம்பி. "பெரிய சைஸ். கப்பல் நல்லா தெரியற மாதிரி."

"வெளியூர்ல இருக்கற பெரியவனுக்கும் ஒண்ணு அனுப்பணும்" என்றாள் பரிசோதகரின் மனைவி.

"எல்லாம் போடலாம்மா. அதுக்கும் படம் வேணுமே" என்றாள் இவள் ஆவலாக. திருப்புளி கைக்கு வந்துவிட்டது.

பரிசோதகரின் மனைவி படத்தைப் பார்த்தாள். குரல் தணிந்தது. "நீ சொல்றது நியாயந்தாம்மா. ஆனா இன்னிக்கு ஒரு ராத்திரி இருக்கட்டும். எங்க கல்யாணம் ஆனதுலேருந்து ராத்திரியானா அவர் ரயில்ல இருப்பார். கதவைச் சாத்திட்டு நான் சுவரைத்தான் பாத்துட்டுப் படுத்திருப்பேன். இப்பத்தான் மனுஷர் சுவர்லயாவது இருக்கார்."

திருப்புளி கைப்பைக்குள் திரும்பிப் போயிற்று. தேநீர்க் குவளையை வாங்க வந்த மருமகள், "அக்கா, காலையிலேருந்து அந்தப் பொட்டலத்தைக் கையை விட்டு இறக்கவே மாட்டேங்கறீங்களே, உள்ள என்ன?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா, வேற ஒருத்தர் படம்" என்றாள் இவள் அசடு வழிய.

கேப்டனை மீட்கப் போனவள் கேப்டனின் மூன்று நகலுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்தாள்.

கடையைப் பூட்டுவதற்கு முன்னால், ஏனோ அந்தப் போட்டோவைச் சுவர்ப் பக்கம் திருப்ப மனம் வரவில்லை. மேஜைமேல் தன்னைப் பார்க்க நிறுத்தினாள். இந்த முகத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். வலது கன்னத்தில் ஈரம்பட்டு வெளுத்திருந்த புள்ளியை அவள்தான் மெல்லிய தூரிகையால் நிரவியிருந்தாள். அந்த நேரத்தில், ரயிலில் டிக்கெட் இல்லாமல் மாட்டிக்கொண்டவர்களை இவர் எப்படித் திட்டியிருப்பார் என்று யோசித்தாள். திட்டியிருக்க மாட்டார் என்று தோன்றியது. அடுத்த ஸ்டேஷனில் இறங்கிக்கோங்க என்று மெதுவாகச் சொல்லிவிட்டு நகர்ந்திருப்பார்.

"உங்களை ஒருத்தருமே தேடலையே சார்" என்றாள்.

அவர் சாந்தமாகப் பார்த்தார்.

அவளுக்குத் தன் வீடு நினைவுக்கு வந்தது. மூக்குக் கண்ணாடியை மாற்றி ஒரு மாதம் ஆனபிறகு அவள் கணவன் ஒருநாள் உற்றுப் பார்த்து, "புதுசா?" என்று கேட்டான். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. பிறகுதான் தெரிந்தது, அவன் கேட்டது செருப்பை. நாளைக்கு நான் போனபிறகு என் இடத்தில் ஏதாவது ஒரு மகாராணி படத்தை மாட்டினால், அவனும் சாப்பிட்டுக்கொண்டே, இவளுக்குக் கிரீடம் நல்லாத்தான் இருக்கு என்று சொல்லிவிட்டுப் போவானோ? இந்த மனிதருக்காக வாதாட உலகத்தில் தான் ஒருத்திதான் மிச்சம் என்று பட்டது. பேராசிரியருக்காக இல்லாவிட்டாலும் இவருக்காகவாவது நாளைக்கு வாயைத் திறந்துவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பேராசிரியர் சொன்னபடி பூதக்கண்ணாடியோடு வந்து நின்றார்.

"சார், உட்காருங்க."

"எங்கே அவர்?"

"சார், கேப்டன் ஒரு வீட்டுக்குப் போயிருக்கார்."

"வீட்டுக்கா? எந்த வீட்டுக்கு?"

"துக்க வீட்டுக்கு."

"அவருக்குத் துக்க வீட்டுல என்ன வேலை?"

"அங்க துக்கமே அவருக்குத்தான் சார்."

பேராசிரியர் உட்கார்ந்துவிட்டார். அவள் எல்லாவற்றையும் மென்று விழுங்காமல் கொட்டினாள். டாக்ஸியில் போகும்போது பாதி வழியில், "இன்னும் ஒரே ஒரு விஷயம் சார்" என்று திருகாணிகளைப் பற்றியும் சொல்லிவிட்டாள். பேராசிரியர் கைக்குட்டையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். "நூலகத்துப் பக்கம் உன் தலை தெரியக் கூடாது" என்று கைக்குட்டைக்குள்ளிருந்து சொன்னார். அவள் மடியிலிருந்த பொட்டலத்தை இறுக்கிக்கொண்டாள்.

அன்றுதான் நினைவுக் கூட்டம் என்பது இருவருக்குமே தெரியாது. கூடம் நிரம்பி, தாழ்வாரம்வரை ஆட்கள் நின்றார்கள். பேராசிரியர் எல்லோரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே புகுந்தார். சுவரில் தன் கேப்டனைப் பார்த்தார். நாலு மூலையிலும் திருகாணியைப் பார்த்தார்.

"ஐயோ! உங்களை இந்தக் கோலத்துலயா பாக்கணும்!" என்று கண்ணீர் பொங்க நின்றுவிட்டார்.

கூட்டம் உருகிப்போயிற்று. தம்பி ஓடிவந்து தாங்கிக்கொண்டார். "மனசைத் தேத்திக்குங்க சார். அண்ணன்கூட வேலை பாத்தவங்களா?"

"வேலையா? இவரைப் பத்தி நான் இருபது வருஷமா ஆராய்ச்சி பண்ணிட்டிருக்கேன்!"

தம்பி கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, குரல் உடைய அறிவித்தார். "எல்லாரும் கேளுங்க! அண்ணனைப் பத்தி இருபது வருஷமா ஆராய்ச்சி பண்ணின பெரிய மனுஷர் வந்திருக்கார்!"

சத்தம் அடங்கியது. மருமகள் நாற்காலி கொண்டுவந்து போட்டாள். யாரோ தண்ணீர் நீட்டினார்கள்.

"ரெண்டு வார்த்தை பேசுங்க சார்" என்றாள் பரிசோதகரின் மனைவி. "எங்களுக்கு அவரைப் பத்தி ஒண்ணுமே தெரியாது. வீட்ல வாயே திறக்க மாட்டார்."

பேராசிரியர் வாயைத் திறந்தார். அது என் படம், கழற்றுங்கள் என்று சொல்லத்தான் திறந்தார். பக்கத்தில் நின்றவளுக்கு அது நன்றாகத் தெரிந்தது. ஆனால் எதிரே அத்தனை முகங்களும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. பாவம், வாழ்நாள் முழுக்க அவர் கடைசி பெஞ்சுவரை தூங்குகிற வகுப்புகளுக்குப் பாடம் எடுத்தவர். கண்காட்சிக்கு வருகிறவர்கள்கூட ஏசி காற்றுக்காக வந்து, கழிவறை எங்கே என்று அவரிடமே கேட்டுவிட்டுப் போகிறவர்கள்.

அவர் தொண்டையைச் செருமினார். "இவர் சாதாரண ஆள் இல்ல" என்றார்.

"ஆமா, ஆமா" என்றது கூடம்.

"பன்னெண்டு வயசுல வீட்டை விட்டுக் கிளம்பினவர்."

"என்கிட்ட அண்ணன் ஒரு வார்த்தை சொல்லலையே!" தங்கை விம்மினாள். "நாங்க எல்லாம் அப்ப ஒரே வீட்லதான் இருந்தோம்!"

"புயல்ல கம்பத்து உச்சிக்கு ஏறி, கிழிஞ்ச பாயைக் கட்டிட்டு இறங்கி வந்தவர்."

"பல்பு மாத்த ஸ்டூல்ல ஏறுங்கன்னா தலை சுத்துதும்பார்" என்று பரிசோதகரின் மனைவி பக்கத்தில் இருந்தவளிடம் பெருமையோடு சொன்னாள். "பாருங்க, எங்களுக்குக் கஷ்டம் தெரியக்கூடாதுன்னு எப்படியெல்லாம் மறைச்சிருக்கார்."

பேராசிரியருக்குக் குரல் ஏறிவிட்டது. கையை வீசத் தொடங்கினார். "ஒருநாள் விடியக்காலையில ரெண்டு பக்கமும் எதிரி வந்து சூழ்ந்துக்கிட்டான். சரணடைன்னு கத்தறான். இவர் என்ன பண்ணினார்?"

"என்ன பண்ணினார்?" என்றது கூடம்.

"டிக்கெட் இல்லாத ரெண்டு பேர் முறைச்சப்ப பாத்ரூம்ல போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டாருன்னு இல்ல சொன்னாங்க?" என்று தம்பி முணுமுணுத்தார்.

"ஒரு அடி பின்வாங்கலை!" பேராசிரியர் தம்பியைப் பார்த்தே முழங்கினார். தம்பி வெட்கிப்போய்த் தலையைக் குனிந்துகொண்டார். "கப்பல் தீப்பிடிச்சு எரியுது. கூட இருந்தவங்களை ஒவ்வொருத்தரா இறக்கிவிட்டுட்டு, கடைசி ஆளாத்தான் இறங்கினார்."

"உண்மை!" பரிசோதகரின் மனைவி எழுந்தே நின்றுவிட்டாள். "எப்பவுமே கடைசியாத்தான் இறங்குவார். வண்டியை ஷெட்டுல கொண்டுபோய் விட்டப்பறம் இறங்கி நடந்து வருவார். நான் தூங்கிட்டாருன்னு நினைச்சேன். இவ்வளவு இருக்கும்னு யாரு கண்டா?"

பேசி முடித்தபோது கூடத்தில் அழாத கண் இல்லை. பேராசிரியரைச் சுற்றி நின்றுகொண்டு, அப்புறம் என்ன ஆச்சு, அந்தப் பொத்தான் எதுக்கு, அந்தக் கப்பல் பேர் என்ன என்று பிய்த்தெடுத்தார்கள். யாரும் அவரை வாழ்க்கையில் 'அப்புறம்' என்று கேட்டதில்லை என்பது அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. தேநீரை ஆற விட்டுவிட்டு ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமையும் வந்துடுங்க சார்" என்றாள் பரிசோதகரின் மனைவி. "வெளியூர்லேருந்து பெரியவனும் வர்றான். அவனும் கேக்கட்டும்."

சற்றுப் பொறுத்து பேராசிரியர் ஃபிரேம்காரியை மெல்ல ஓரமாக அழைத்தார். அவள் திருப்புளியோடு தயாராகப் போனாள்.

"ஏம்மா, இப்ப இந்தத் திருகாணியைக் கழட்டினா படம் கிழிஞ்சுடும், இல்ல?"

"கிழியாது சார். சட்டத்துலதான் போட்டிருக்கு. பத்திரமாக் கழட்டித் தர்றேன்."

"கிழியும்னுதான் எனக்குப் படுது." அவர் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. "கண்காட்சிக்கு வேற படம் வச்சுக்கலாம். பழைய வரைபடம் ஒண்ணு கிடக்கு. இன்னிக்குச் சாயந்திரமே கொண்டுவர்றேன், நீயே சட்டம் போட்டுக் குடு."

அவள் திருப்புளியைக் கைப்பைக்குள் போட்டாள். பலகை தப்பித்தது. கடை தப்பித்தது. இனி யாரும் யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. பேராசிரியருக்குச் சந்தோஷம், துக்க வீட்டுக்குச் சந்தோஷம். கேப்டன்கூட முன்பைவிடத் தெம்பாக இருப்பது போலிருந்தது.

அக்குளில் பொட்டலம் மட்டும் கனத்தது.

பேசாமல் கடைக்குத் திரும்பிப் போய், இவரைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிடலாம். எல்லாரும் திருப்பித்தானே விட்டார்கள். ஆனால் அதை நினைத்ததுமே நேற்று மாலையில் மேஜைமேலிருந்து பார்த்த அந்தக் கண் நினைவுக்கு வந்தது. ஒரு மனிதர் நடந்து நடந்து தேய்ந்து, ரயில் ரயிலாக ஏறி இறங்கி, ஒரு குடும்பத்தை நிமிர்த்திவிட்டுப் போயிருக்கிறார். அவருக்கு அவர் வீட்டிலேயே நிற்க ஒரு மூலை இல்லையா?

கூடத்தில் சொல்ல அவளுக்கு வாய் வராது. சமையலறைக்குப் போனாள். அங்கே மருமகள் மட்டும் குவளைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் அழவில்லை. அது பெரிய சௌகரியம்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா" என்று ஃபிரேம்காரி பொட்டலத்தைப் பிரித்தாள். "மன்னிச்சிடு. படம் மாறிப்போச்சு. கூடத்துல இருக்கறவர் யாரோ கப்பற்படைக்காரர். உன் மாமனார் இதோ இருக்கார். ரெண்டு நாளா என்கூடத்தான் இருக்கார். உங்க அத்தைகிட்ட சொல்ல எனக்குத் தைரியம் வரல. ஆனா இவரை நான் எடுத்துட்டுப் போக மாட்டேன். கூடத்துல வேணாம், ஒரு அலமாரியிலயாவது, ஒரு மூலையிலயாவது வை. அவர் வீட்டுக்குள்ள அவரை விடும்மா."

சொல்லி முடித்ததும் அவளுக்கே கண் கலங்கிவிட்டது. பிறந்ததிலிருந்து முதல்தடவையாக நாக்கு ஒட்டிக்கொள்ளவில்லை.

மருமகள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, சட்டத்தை வாங்கி ஒருதரம் பார்த்துவிட்டு, அவளிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"ஐயோ அக்கா, மாமா காமிரா முன்னாடி நின்னதே இல்ல. இது ஸ்டுடியோவுல யாரும் வாங்காமக் கிடந்த படத்துல அத்தைக்குப் பிடிச்ச முகமாப் பாத்து எடுத்துட்டு வந்தது!"